எண்ணெய்க்கு முன்பே எழுந்த பள்ளிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆசிரியர் ஐயா, என் மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். அந்நாட்டுப் பிள்ளைகள் காசு கட்டாமல் படிக்கிறார்கள் என்றும், எல்லாம் எண்ணெய்ப் பணம் என்றும் சொல்கிறான். எண்ணெய் கிடைக்கும் முன் அங்கே பள்ளிகளே இல்லையா? இருந்தால், யார் பணம் கொடுத்தார்கள்?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: இருந்தன, ஐயா. உங்கள் மகன் சொல்வது இன்றைய நிலைக்குப் பொருந்தும். தொடக்கக் காலத்துக்குப் பொருந்தாது. குவைத்தின் புர்கானில் எண்ணெய் கண்டது 1938இல். ஏற்றுமதி தொடங்கியது 1946இல். ஆனால் முபாரக்கியா பள்ளி 1911ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே திறக்கப்பட்டுவிட்டது.

அதற்கு முன் நம் திண்ணைப் பள்ளிக்கூடம் போன்ற ஏற்பாடுதான். முல்லா ஒருவர் பிள்ளைகளை உட்காரவைத்துக் குர்ஆன் ஓதவும், ஓரளவு எழுதவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுப்பார். பெற்றோர் தரும் சில்லறைதான் அவருக்கு வரும்படி. பஸ்ராவுக்கும் பம்பாய்க்கும் பாய்மரக் கப்பல் விட்ட வணிகர்களுக்கு இது போதவில்லை. கடிதம் எழுதவும் கணக்கேடு பேணவும் தெரிந்த இளைஞர்கள் அவர்களுக்கு வேண்டியிருந்தார்கள். யூசுப் பின் ஈசா அல் கினாயி என்ற மார்க்க அறிஞர் முன்னின்று தூண்ட, வணிகக் குடும்பங்கள் நன்கொடை திரட்டிப் பள்ளியைத் தொடங்கின. ஆட்சியாளர் ஷேக் முபாரக்கின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அது நன்கொடையில் எழுந்த பள்ளியே. ஆங்கிலமும் புதிய பாடங்களும் வேண்டும் என்ற நோக்கில் 1921இல் அகமதியா பள்ளி எழுந்தபோதும் வணிகர்களின் கைப்பணமே உதவியது.

நன்கொடையால் பள்ளியைத் தொடங்கலாம். தொடர்ந்து நடத்துவது வேறு. அந்த வணிகர்களின் செல்வத்தில் பெரும்பங்கு முத்துக் குளிப்பிலிருந்து வந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்து ஒரு பக்கம், 1929க்குப் பின் உலகை வாட்டிய பொருளாதார மந்தம் மறுபக்கம் என நெருக்கியதும் முத்துச் சந்தை சரிந்தது. கொடுத்தவர்களின் கையே சுருங்கியது.

1936இல் அவர்கள் எடுத்த முடிவுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இறக்குமதிப் பொருள்களின் மீது, கல்விக்கென்றே, கூடுதலாக அரை விழுக்காடு தீர்வை விதிக்க வணிகர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு பள்ளிகளை நடத்தக் கல்வி மன்றம் ஒன்றும் அமைந்தது. அன்று அங்கே புழங்கியது இந்திய ரூபாய். 200 ரூபாய் மதிப்புள்ள துணிப் பொதி ஒன்று துறைமுகத்தில் இறங்கினால், ஒரு ரூபாய் பள்ளிக்குப் போகும். தொகை சிறியதுதான். ஆனால் கப்பல் வரும் வரை அதுவும் வரும். எவர் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. அதே 1936இல் பாலஸ்தீனத்திலிருந்து 4 ஆசிரியர்கள் குவைத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர் விட்டு வரும் ஆசிரியருக்கு மாதச் சம்பளத்தை உறுதியாகச் சொல்லியாக வேண்டும். பெருநாளுக்குப் பெருநாள் கிடைக்கும் கொடையை நம்பி எவரையும் வரவழைக்க முடியாது.

எண்ணெய்ப் பணம் பின்னால் வந்து இதை மிகப் பெரிதாக வளர்த்தது. 1962ஆம் ஆண்டு அரசியலமைப்பு கல்வியைக் குடிமக்களின் உரிமையாக்கியது. 1965இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது.

கேள்வி: சரக்குக்குத் தீர்வை என்றால் அதை ஏழையும்தானே சுமந்திருப்பான்? பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பணத்தில் பங்கு கிடைத்ததா?
(வாசகி, ஜார்ஜ் டவுன்)

பதில்: சுமந்திருப்பான், அம்மா. அதை மறைக்கக் கூடாது. விளைச்சல் அரிதான அந்த ஊருக்கு அரிசியும் துணியும் கடல்வழியே வந்தன. குடிநீரே ஷத்துல் அரப் ஆற்றிலிருந்து படகில் வந்தது. வணிகர் துறைமுகத்தில் கட்டியதைக் கடையில் விலையோடு சேர்த்துத்தான் வாங்கியிருப்பார். அதிலும் முத்துக் குளிப்பவர், படகுத் தலைவரான நகுதாவிடம் முன்பணம் வாங்கி, பருவத்துக்குப் பருவம் கடனிலேயே கிடந்தவர். (மலாயில் நாம் சொல்லும் நக்கோடா அதே சொல்தான்.) அவருக்கும் அரிசி விலை ஏறியிருக்கும். இருந்தாலும், பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் தன் பிள்ளைக்கும் இடம் கேட்க அவருக்கு நியாயம் பிறந்தது என்பதே என் எண்ணம்.

பெண்களுக்கான அரசுப் பள்ளி குவைத்தில் 1937இல் தொடங்கியது, தீர்வை வந்த மறு ஆண்டு. பஹ்ரைன் இதில் முந்திக்கொண்டது: முஹர்ரக் நகரில் ஆண்களுக்கு 1919இலும், பெண்களுக்கு 1928இலும் பள்ளி திறந்தார்கள். அங்கே எண்ணெய் கண்டது 1932இல்தான்.

கேள்வி: நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளோடு இதை ஒப்பிடலாமா?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: ஓரளவுக்கு ஒப்பிடலாம். மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. குவைத்தில் செலவு துறைமுகத்தோடு கட்டப்பட்டது. இங்கே அது ஒரு முதலாளியின் நிலத்தோடு கட்டப்பட்டது. தோட்ட எழுத்தரான கிராணி பாடம் நடத்திய பள்ளியும் இருந்தது, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் நடந்த பள்ளியும் இருந்தது. தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபோது பள்ளியும் ஆட்டம் கண்டது. இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருப்பதற்கு, பள்ளி நிற்கும் நிலம் அரசினுடையது அல்ல என்பதே அடிப்படை. ஆண்டுக்கு ஆண்டு கேட்டுப் பெறும் சிறப்பு ஒதுக்கீட்டை விட, அளவில் சிறியதானாலும் சட்டத்தில் எழுதிவைத்த நிலையான பங்கையே நாம் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இதை ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. நான் படித்த தோட்டப் பள்ளியில் என் அப்பா பெற்றோர் குழுவில் இருந்தார். சம்பளத்துக்கு மறுநாள் மாலை, ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளைச் செருகிக்கொண்டு லயம் லயமாகப் போவார். வீட்டுக்கு ஐம்பது காசு. நல்ல மாதத்தில் விரல் நீலம் பூத்துத் திரும்புவார். மழை மாதத்தில் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும், சம்பளமும் குறையும். கேட்கவே அவருக்கு வாய் வராது. ஒரு டிசம்பரில் மொத்தமே நான்கு ரசீதுதான் கிழிபட்டது. மூன்றாம் வகுப்பின் கூரைக்கு வாங்க நினைத்த தகரம் அந்த மாதம் வரவில்லை. நாங்கள் மேசைகளைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுப் படித்தோம்.