ஸ்ட்ரெயிட்டனிங் விட்டாச்சு, இனி என்ன? – வாசகிகள் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல ஒரு வாசகிக்கு "ஸ்ட்ரெயிட்டனிங்கை நிறுத்திட்டு உங்க சொந்த சுருட்டைக்கே திரும்பலாமே"ன்னு ரெண்டு வரி எழுதினேன். அதுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தா சேலத்துல பாதிப் பேர் இதே யோசனையில இருக்கீங்க போல. அதனால இந்த மாசம் முழுக்க முடிதான், மூஞ்சி பரு கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

அக்கா, எனக்கு சொந்த ஊர் சூரமங்கலம், வேலை பெங்களூர்ல. காலேஜ்லேர்ந்து வருஷா வருஷம் ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிட்டு இருந்தேன், இப்போ எட்டு மாசமா பண்ணல. மேல நாலு விரக்கடை சுருட்டையா பம்முனு நிக்குது, அதுக்குக் கீழ இடுப்பு வரைக்கும் கோரையா தொங்குது. சீவுனா கொத்துக் கொத்தா கையோட வருது. தை மாசம் கல்யாணம். வெட்டிடலாம்னா அம்மா சாமியாடுறாங்க, "ஜடை இல்லாம மணவறையில உக்காருவியாடி"ன்னு. வெட்டாமலே மாற முடியாதா? கீழ இருக்கறது எப்போ சுருளும்?

கீழ இருக்கறது சுருளாது கண்ணு, இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த ஒரு ஆசையிலதான் ஆயிரக்கணக்குல காசைக் கொட்டி மாஸ்க்கு சீரம்னு வாங்கறீங்க. முடிக்குள்ள இருக்கற கெரட்டின்ங்கற புரதத்தை வளைச்சுப் பிடிச்சிருக்கறது கந்தகப் பிணைப்புகள். பார்லர்ல போடற முதல் கிரீம் அதை உடைக்குது, அயர்ன் வெச்சு நேரா இழுக்கறாங்க, ரெண்டாவது கிரீம் அந்த நேரான நிலையிலயே பூட்டிடுது. தலைக்கு வெளிய வந்துட்ட முடிக்கு உயிர் கிடையாது, தன்னால சரியாகறதுங்கற பேச்சுக்கே இடமில்ல. ஆனா வேர் இருக்கற குழி அப்படியேதான் இருக்கு, அதுலேர்ந்து வர்ற புது முடி உங்க பாட்டி குடுத்த சுருட்டையாத்தான் வரும். மாசம் சுமாரா அரை இஞ்ச், எட்டு மாசத்துக்கு நாலு இஞ்ச், நீங்க சொன்ன நாலு விரக்கடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இப்போ கொத்தா வர்ற விஷயம். சீப்புல வந்த முடியில ஒண்ணை எடுத்து வெள்ளைப் பேப்பர் மேல வெச்சுப் பாருங்க. ஒரு முனையில குட்டியா வெள்ளைப் புள்ளி இருந்தா அது வேரோட விழுந்தது, ஒரு நாளைக்கு ஐம்பதுலேர்ந்து நூறு வரைக்கும் யாருக்குமே விழும். புள்ளி இல்லன்னா நடுவுல அறுந்தது. உங்களுக்கு பெரும்பாலும் அறுந்ததாத்தான் இருக்கும், அதுவும் சுருட்டை முடிஞ்சு கோரை ஆரம்பிக்கற அந்த இடத்துல. அம்மாபேட்டை தறியில பட்டு நூலையும் பருத்தி நூலையும் முடிச்சுப் போட்டு இழுத்தா எங்க பிரியுமோ அதே கதைதான், ரெண்டு பலமும் சேர்ற இடம்தான் முதல்ல விடும். அதனால அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு உங்க வேலையே அந்த இடத்தைக் காப்பாத்தறதுதான்.

எப்படின்னா, காஞ்ச முடியை சீவவே சீவாதீங்க. தலைக்குக் குளிக்கறப்போ கண்டிஷனரை தாராளமா தடவி, முதல்ல விரலால, அப்புறம் பெரிய பல் சீப்பால, நுனியிலேர்ந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி சிக்கெடுங்க. மேலேர்ந்து கீழ இழுத்தா சிக்கு பூரா அந்த இடத்துலதான் போய் சேரும். குளிச்சதும் துண்டை முறுக்கிக் கட்டிக்கிட்டு சமையல் வேலை பாக்கறது, அப்புறம் துண்டால டப்பு டப்புனு அடிச்சு ஈரம் போக்கறது, இந்த ரெண்டு பழக்கத்தையும் விட்டுருங்க. பழைய காட்டன் வேட்டியோ டீ ஷர்ட்டோ போதும், ஒத்தி எடுங்க. ரப்பர் பேண்டை தினம் ஒரே இடத்துல போடாதீங்க. பூ வைக்கற ஹேர்பின்னை எங்க குத்தறீங்கன்னு கண்ணாடில பாருங்க, முக்காவாசிப் பேர் சரியா அந்த நாலு இஞ்ச் இடத்துலதான் குத்தி இழுக்கறாங்க, கொஞ்சம் மேல தள்ளி சுருட்டைக்குள்ள குத்துங்க. ராத்திரி தலகாணிக்கு பட்டு உறை நல்லது, சேலத்துப் பொண்ணு பட்டுக்கு எங்கயும் அலைய வேண்டாம், அம்மாவோட நைஞ்ச புடவையில ஜரிகை இல்லாத பக்கமா பார்த்து தைச்சுக்கங்க.

தேங்கா எண்ணெயை குளிக்கறதுக்கு முந்தின ராத்திரி வைங்க. நம்ம ஊர் பழக்கம்னு சொல்லல, முடியிலேர்ந்து புரதம் கரைஞ்சு போறதை தேங்கா எண்ணெய் குறைக்குதுன்னும், மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யலைன்னும் 2003-ல ஆய்வாவே வெளியிட்டிருக்காங்க.

வெட்டறது பத்தி அம்மாகிட்ட கணக்காப் பேசுங்க. மாசம் அரை இஞ்ச் வளருது, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நுனியில ஒரு இஞ்ச் எடுத்தா ஜடை நீளம் அப்படியே நிக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனா கோரை குறைஞ்சுகிட்டே வரும். கல்யாணம் வரைக்கும் இப்படியே ஓட்டுங்க. கல்யாணத்துக்காக வேர்ல மட்டும் ஒரு டச்சப் போட்டுக்கலாம்னு எந்த மேக்கப்காரங்க சொன்னாலும் தலையாட்டாதீங்க, எட்டு மாசப் பொறுமையும் ஒரே மத்தியானத்துல போயிடும். மணவறையில இன்னைக்கு உக்கார்ற கல்யாணப் பொண்ணுங்கள்ல எத்தனை பேருக்கு சொந்த ஜடை சொல்லுங்க, எல்லாம் சவுரியும் ரெடிமேட் பூ ஜடையும்தான். ஒரே விஷயம், அந்த ஜடையோட கனம் பூரா உச்சந்தலைக் கொண்டையில உக்கார்ற மாதிரி கட்டச் சொல்லுங்க, பின்னல் பாதியிலேர்ந்து தொங்க விட்டா அந்த இடம் தாங்காது.

கல்யாணம் முடிஞ்சு மாசி பங்குனில தோள் வரைக்கும் வெட்டிக்கற தைரியம் வந்தா வெட்டிக்கங்க. வரலையா, இருக்கட்டும். இடுப்பு நீளத்துலயே முழுசா சுருட்டையா வேணும்னா அஞ்சு வருஷம் ஆகும், தோள் நீளம்னா ஆரம்பிச்சதுலேர்ந்து ரெண்டு வருஷம்தான். சுருட்டை சுருங்கி நிக்கறதால இருக்கற நீளத்தை விட கம்மியாத்தான் தெரியும், அதையும் மனசுல வெச்சுக்கங்க. ஆபீஸ் போற நாள்ல மேலயும் கீழயும் வேற வேறயா தெரியுதேன்னா, ஈரமா இருக்கறப்பவே கொஞ்சம் ஜெல் தடவி ரெண்டு ரெண்டு இழையா முறுக்கி, நுனியை துணித்துண்டுல சுத்தி வெச்சுத் தூங்குங்க. காலையில பிரிச்சா கோரையும் ஒரு நாளைக்கு அலை அலையா நிக்கும்.

ஏற்காடு, ஒண்டிக்கடை பக்கம் ஹோம்ஸ்டேல வேலை பாக்கறேன். மழை மாசத்துல இங்க பனிமூட்டம் போட்டா அவ்வளவுதான், ஸ்ட்ரெயிட்டனிங் விட்டு வளர்ற முடி தலை மேல குடை பிடிச்சு நிக்குது. விருந்தாளிங்க முன்னாடி கூச்சமா இருக்கு. சேலம் இறங்கிட்டா படிஞ்சிடுது. ஏன் இப்படி? – ஏற்காடு வாசகி

முடிக்குள்ள கந்தகப் பிணைப்பு போக ஹைட்ரஜன் பிணைப்புன்னு இன்னொண்ணு இருக்கு, தண்ணி பட்டா விடும், காஞ்சா மறுபடி சேரும். நீங்க இருக்கறது கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்துல, மேகமே ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள வர்ற ஊர்ல, காத்துல இருக்கற ஈரம் ஒவ்வொரு முடிக்குள்ளயும் போய் அந்தப் பிணைப்பை அவுத்து விட்டுடுது. காலையில நீங்க அழகா முறுக்கி வெச்சது பத்து மணிக்குள்ள கலையறது அதனாலதான். 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்தா காத்து காஞ்சது, படியும்.

உங்க கிரீம், ஜெல் டப்பாவைத் திருப்பிப் பாருங்க, முதல் நாலஞ்சு பேருக்குள்ள கிளிசரின் இருந்தா பனிக்காலத்துல அதை ஓரமா வைங்க. அது காத்துலேர்ந்து ஈரத்தை இழுத்து முடிக்குக் குடுக்கற சாமான், ஏற்காட்டுல அதுக்கு வேலையே தேவையில்ல. அதுக்குப் பதிலா ஆளிவிதை ஜெல். செவ்வாப்பேட்டை பக்கம் மளிகைக் கடைகள்ல ஆளிவிதை கிடைக்கும். கால் கப் விதைக்கு ரெண்டு கப் தண்ணி, அடுப்பை சின்னதா வெச்சு கிண்டிகிட்டே இருங்க, கொஞ்ச நேரத்துல நுரை கட்டும். கரண்டியைத் தூக்குனா கம்பியா இழுபடணும், அந்தப் பதத்துல இறக்கி சூட்டோட சூடா பழைய நைலான் துப்பட்டாவுல வடிகட்டிடுங்க. ஆறட்டும்னு விட்டீங்கன்னா கெட்டியாகி ஒரு சொட்டு இறங்காது, விதையோட மல்லுக்கட்டிட்டு நிக்கணும். ஃபிரிட்ஜ்ல ஒரு வாரம் இருக்கும், வாடை மாறுனா கொட்டிடுங்க. சொட்டச் சொட்ட ஈரமா இருக்கற முடியில தடவி, தொடாம காய விடுங்க. காஞ்சதும் விறைப்பா நிக்கும், பயப்படாம கையால கசக்கி விட்டா மெத்துனு ஆயிடும்.

கூச்சத்துக்கு ஜெல் என்கிட்ட இல்ல, ஆனா விருந்தாளிங்க பாக்க வந்தது பனியையும் காப்பித் தோட்டத்தையும், உங்க தலையை இல்ல.

அமெரிக்காவுல இருக்கற நாத்தனார் ரிலாக்ஸர் டப்பா ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க. இங்க பார்லர்ல பண்றதும் அதுவும் ஒண்ணுதானா? வேர்ல மட்டும் நானே தடவிக்கலாமா? – ஓமலூர் வாசகி

தடவாதீங்க. இங்க ஸ்ட்ரெயிட்டனிங்க்குப் போடறது பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட். ரிலாக்ஸர்ங்கறது அங்க கறுப்பினப் பெண்கள் முடியை நேராக்க தலைமுறை தலைமுறையா பயன்படுத்தி வர்ற கிரீம், அதுல பல வகை இருக்கு, நிறைய டப்பாவுல சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம்ம காஸ்டிக் சோடா, இல்லன்னா கால்சியம் ஹைட்ராக்சைடு வகை. ஒண்ணு பட்ட முடி மேல இன்னொண்ணு பட்டா முடி கையிலயே கரைஞ்சு வரும். ரெண்டு வேதியியலும் ஒத்துக்காது. உச்சந்தலை வெந்தா அது தனி வேதனை. பார்லர்ல ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணின நுனியை சுருட்டையோட ஒத்துப் போகட்டும்னு பெர்ம் (மருந்து போட்டு சுருட்ட வைக்கறது) பண்ணிக்கறதும் இதே ஆபத்துதான், ஏற்கனவே ஒரு தடவை உடைச்சு ஒட்டுன முடி.

இன்னொண்ணு, 2022-ல அமெரிக்காவுல 33,497 பெண்களை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. முடியை நேராக்கற பொருளைத் தொடவே தொடாதவங்கள்ல 70 வயசுக்குள்ள கர்ப்பப்பை புற்றுநோய் வர்ற வாய்ப்பு 1.64 சதவீதம்னா, வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல போட்டவங்களுக்கு 4.05 சதவீதம்னு கணக்குப் போட்டிருக்காங்க. ரெண்டுக்கும் தொடர்பு தெரியுதுன்னுதான் சொல்றாங்க, இதாலதான் அது வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லல. வருஷத்துக்கு ஒரு தடவை பார்லர் போனவங்க இதைப் படிச்சுட்டு தூக்கம் கெட வேண்டாம். அந்த டப்பாவை மட்டும் நாத்தனார்கிட்டயே பக்குவமா திருப்பிக் குடுத்துடுங்க.

ஸ்ட்ரெயிட்டனிங் வேண்டாம், கெரட்டின் ட்ரீட்மென்ட் பண்ணிக்கோங்க, இதுல ஃபார்மால்டிஹைடு இல்லைன்னு பார்லர்ல சொல்றாங்க. மாறிட்டு இருக்கற நேரத்துல இது உதவுமா? – ஆத்தூர் வாசகி, ஆறு மாச கர்ப்பிணி

இப்போ வேண்டவே வேண்டாங்க. ஃபார்மால்டிஹைடு (நெடியடிக்கற, புற்றுநோய் வரவைக்கக் கூடிய ரசாயனம்) இல்லைன்னு சொல்லி விக்கற கிரீம்கள்ல பலதுல கிளையாக்சிலிக் ஆசிட் இருக்கும். 2024-ல பிரான்ஸ் டாக்டர்கள் ஒரு கேஸ் எழுதியிருந்தாங்க, 26 வயசுப் பொண்ணு, அந்த ஆசிட் இருக்கற கிரீம் போட்டு ஒவ்வொரு தடவை ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணும்போதும், மூணு தடவையும், சிறுநீரகம் பாதிச்சிருக்கு. எலி மேல தடவிப் பார்த்தப்பவும் சிறுநீரகத்துல படிகம் சேர்ந்திருக்கு. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்ல, ஆனா வயித்துப் புள்ளையோட, அந்த கிரீமைச் சூடு பண்றப்போ வர்ற புகையில உக்கார வேண்டிய அவசியம் என்ன இருக்கு. பிரசவம் ஆகி மூணு நாலு மாசத்துல முடி கொட்டும், அப்போ ஸ்ட்ரெயிட்டனிங்கை விட்டதாலதான் கொட்டுதுன்னு யாராவது சொல்லுவாங்க, அது பிள்ளை பெத்த நிறைய பேருக்கு கொட்டறது, திரும்ப வந்துடும்.

எங்க வீட்ல போர் தண்ணிதான். ஷாம்பூ போட்டா நுரையே வரல, சுருட்டை வர்ற இடமெல்லாம் நார் நாரா இருக்கு. – கொண்டலாம்பட்டி

ஷவர் ஓட்டையில வெள்ளையா அப்பிக்கிட்டு இருக்கும் பாருங்க, அதே சுண்ணாம்புதான் உங்க முடி மேலயும் உக்காருது. மாசத்துக்கு ஒரு தடவை ஹார்ட் வாட்டருக்குன்னு விக்கற ஷாம்பூ போடுங்க, பின்னாடி ஈடிடிஏன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, அது சுண்ணாம்பைப் பிடிச்சு இழுத்துட்டு வரும், போட்டதும் கண்டிஷனர் கட்டாயம். சீயக்காய் சோப்புன்னு கட்டியா விக்கறதை போர் தண்ணில தேய்க்காதீங்க, பிசுக்குதான் மிஞ்சும். மேட்டூர் தண்ணி வர்ற அன்னைக்கு ரெண்டு குடம் எடுத்து வெச்சு கடைசி அலசலுக்கு வெச்சுக்கங்க. ஆர்ஓ மெஷின்லேர்ந்து பைப்புல வெளிய வர்ற தண்ணியை வீணாக்க வேண்டாம்னு தலைக்கு ஊத்தறவங்க இருக்காங்க, அதுலதான் உப்பு பூரா இருக்கு, அதை வீடு துடைக்க வைங்க.

கோட்டை மாரியம்மனுக்கு வேண்டுதல், ஆடியில மொட்டை போடப் போறேன். ஸ்ட்ரெயிட்டனிங் முடி ஒரேயடியா போயிடும்ல? அடுத்து வர்றது நல்ல கோரையா வருமா, இல்ல பழைய சுருட்டையா? – குகை வாசகி

ஒரேயடியா போயிடும், ரெண்டு வருஷ வேலை அரை மணி நேரத்துல முடிஞ்சது உங்களுக்கு மட்டும்தான். வர்றது பழைய சுருட்டைதான், மொட்டை போட்டா வேர்க்குழி மாறாது, அடர்த்தியும் கூடாது. வெட்டுப்பட்டு மழுங்கின நுனியோட முளைக்கறதால கையில தடவினா கொஞ்சம் தடிப்பா தெரியும், அதைப் பார்த்துதான் நிறைய வளருதுன்னு சொல்லிக்கறாங்க. முதல் ரெண்டு மூணு மாசம் சுருட்டைன்னே தெரியாது, சுத்தி வர நீளம் வேணும்ல, பயந்துட்டு எண்ணெய் மாத்தாதீங்க. சந்தனத்தைப் பூசினதோட நிறுத்தாம வெயில்ல போறப்போ முந்தானையைத் தலையில போட்டுக்கங்க.