ரிமோட் கோடு ஃபைல்: கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து டிவி சர்வீஸ்காரர்கள் யுனிவர்சல் ரிமோட்டுக்கான கோடு ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் பொதுவாக வைத்திருக்கிறார்கள். அதைப் பராமரிப்பவரிடம் கேட்டவை இவை.

பல்லடம்: ஃபோல்டர்ல இருந்த சோனி ஃபைலைப் போட்டனுங்ணா. நாலடியில நின்னா வேலை செய்யுது, தள்ளி உட்கார்ந்தா இல்லீங்க. ரிமோட் எல்ஈடி போயிருச்சுங்களா?

எல்ஈடிய மாத்தறதுக்கு முன்னால ஃபைல்ல கேரியர், அதாவது ரிமோட் வெளிச்சம் செகண்டுக்கு எத்தனை தடவை மினுங்குதுங்கற கணக்கு, என்னன்னு பாருங்க. சோனிக்கு 40 கிலோஹெர்ட்ஸ் வேணும். ஃபைல்ல பெரும்பாலும் 38ன்னு இருக்கும். டிஎஸ்ஓபி1738 மாதிரி மூணு கால் சென்சார்ல ரிமோட் சிக்னலைப் பிடிச்சா கேரியரை அதுவே வடிகட்டிடும், பல்ஸ் நீளம் மட்டுந்தான் வெளிய வரும். கேரியர் தெரியாததால சாஃப்ட்வேர் 38ன்னு தானா எழுதிக்கும். டிவி சென்சார் 40க்கு டியூன் ஆனது, அதனாலதான் தூரம் குறையுது.

ப்ரோன்டோ கோடா (சிக்னலை ஹெக்ஸ், அதாவது 16 அடிமான எண்களா எழுதற முறை) இருந்தா இரண்டாவது எண் 40க்கு 0067, 38க்கு 006டி. அதை மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க. பின்னால வர்ற எண்களெல்லாம் கேரியர் சுற்றுக் கணக்கு. கேரியரை ஏத்தினா பல்ஸ் நீளமும் 5 சதவீதத்துக்கு மேல சுருங்கிடும். மைக்ரோசெகண்டுக்குக் கொண்டுபோய் 40ல மறுபடி கணக்குப் போடுங்க.

ஈரோடு: நான் பிடிச்ச எல்ஜி பவர் கோடு 20டிஎஃப்10இஎஃப். ஃபோல்டர்ல முகவரி (எந்த சாதனம்) 04, கட்டளை (எந்த பட்டன்) 08ன்னு இருக்குதுங்க. பழசு தப்புதானுங்களே, அழிச்சிடட்டுங்களா?

அழிச்சுறாதீங்க, ரெண்டும் ஒண்ணுதான். இந்த எல்ஜி ரிமோட்டோட என்இசி சிக்னல் முறையில ஒவ்வொரு பைட்டிலயும் கடைசி பிட்தான் முதல்ல கிளம்பும். முதல் பைட்டை வந்த வரிசையிலயே எழுதினா ஹெக்ஸ்ல 20, அதாவது 00100000. அதைத் திருப்பினா 00000100, அதுதான் 04. 10ம் இப்படியே 08 ஆகும். டிஎஃப், இஎஃப் ரெண்டும் முன்னால வந்த பைட்டுல 0வை 1ஆ, 1ஐ 0வா மாத்தின சரிபார்ப்பு. நம்ம ஃபோல்டர்ல முகவரி, கட்டளை முறைதான். அப்படி மாத்திப் பார்த்துட்டு, உண்மையிலயே வேறயா இருந்தா மட்டும் சேருங்க. ஒரே கோடு ரெண்டு வேஷத்துல இருந்தா அடுத்தவங்கதான் திண்டாடணும்.

கோபி: பழைய பிலிப்ஸ்ல 11க்குப் போக 1ஐ ரெண்டு தடவை அமுக்கினா ஒண்ணுதானுங்க விழுது.

பிடிச்ச பல்ஸை அப்படியே சேமிச்சதோட விளைவுங்க. பிலிப்ஸோட ஆர்சி5 சிக்னல் முறையில ஒரு கோடுக்கு 14 பிட். மூணாவது பிட் ஒவ்வொரு புது அமுக்கலுக்கும் மாறணும். உங்க ஃபைல்ல அது ஒரே நிலையில நின்னு போச்சு. விரலை எடுக்கவே இல்லைன்னு டிவி எடுத்துக்குது. ஆர்சி5, முகவரி, கட்டளைன்னு மட்டும் எழுதுங்க, அந்த பிட்டைக் கருவி பார்த்துக்கும்.

பொள்ளாச்சி: ஃபைலுக்கு டிவி மாடல் பேர் வெச்சாப் போதுங்களா?

போதாதுங்க. ஒரே ரிமோட் பத்து மாடலுக்கு வரும். ரிமோட்டோட முதுகுலயோ பேட்டரி மூடிக்குள்ளயோ அதோட நம்பர் இருக்கும், அதையே பேரா வையுங்க. டிவி மாடல் உள்ள கமெண்ட் வரியில இருக்கட்டும்.

கரூர்: திருத்தின கோடை வாட்ஸ்அப் மெசேஜா அனுப்பலாமுங்களா?

வேண்டாங்க, டாக்குமெண்டா அனுப்புங்க. மெசேஜ்ல போட்டா சில போன்ல நேர் மேற்கோள் குறி வளைஞ்சு போகலாம், அப்புறம் ஃபைல் படிக்காது. எந்தெந்த பட்டனை டிவி முன்னால அமுக்கிப் பார்த்தீங்க, எதைப் பார்க்கலைன்னு கமெண்ட்ல எழுதி அனுப்புங்க. பார்க்காததைப் பார்த்ததா எழுதினா, மண்டபத்துல டிவி மாட்டப் போனவர் ஏணி மேல நின்னு தேடுவாருங்க.