தூக்குமேடை ஏறும் வேடம் என் மகளுக்கு எதற்கு?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறாள். பல்கலைக்கழக நாடகக் குழு போடும் ‘சிகாகோ’ என்ற இசை நாடகத்தில் அவளுக்கு ஹுன்யாக் என்ற கைதி வேடமாம். பெண்கள் சிறையில் நடக்கும் கதை. பேச்சு கொஞ்சம்தான், அதுவும் யாருக்கும் புரியாத பாஷையில். தூக்கிலும் போட்டுவிடுகிறார்கள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. வெளிநாட்டுப் பெண் என்று ஓரங்கட்டிவிட்டார்களோ? விலகிவிடு என்று சொல்லலாமா?
– ஓர் அம்மா, திருச்சி

பதில்: விலகச் சொல்லாதீர்கள் அம்மா. அந்த நாடகத்தில் ஒரே ஒரு வேடம் எனக்குக் கிடைக்கும் என்றால் நான் ஹுன்யாக்கைத்தான் கேட்பேன்.

மாரீன் வாட்கின்ஸ் என்ற பெண் நிருபர் 1924-ல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகைக்காகக் கொலை வழக்குகளைப் பற்றி எழுதினார். ஆண்களைச் சுட்டுக் கொன்றதாக வழக்கில் நின்ற ப்யூலா அன்னன், பெல்வா கெர்ட்னர் இருவரின் அழகும் உடையும் பெரிய செய்தியாயின. இருவரும் அந்த ஆண்டே விடுதலை. தீர்ப்புச் சொன்ன ஜூரியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்; சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் பெண்கள் ஜூரியில் உட்கார 1939 வரை வழியில்லை. இதைத்தான் வாட்கின்ஸ் 1926-ல் நாடகமாக்கினார். பாப் ஃபாஸி இயக்கத்தில் 1975-ல் அது இசை நாடகமானது.

அந்த இருவரும் இருந்த அதே சிறையில் சபெல்லா நிட்டி என்ற இத்தாலியப் பெண்ணும் இருந்தாள். ஏழை, ஆங்கிலம் தெரியாதவள். கணவனைக் கொன்றதாக 1923-ல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். நீதிமன்றத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதே அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. ஹெலன் சிரீஸ் என்ற இளம் பெண் வக்கீல் மேல்முறையீட்டில் அவளுக்காக உழைத்தார். முடியைத் திருத்தி, நல்ல உடை உடுத்தவைத்து, ஆங்கிலமும் கற்றுக்கொள்ள வைத்தார். 1924-ல் தண்டனை ரத்தாகி அவள் வெளியே வந்தாள்.

இவளை நினைவூட்டும் ஹுன்யாக்குக்கு நாடகத்தில் அப்படி யாரும் வரவில்லை. சிறைப் பெண்கள் ஆறு பேர் தங்கள் கதையைச் சொல்லும் பாட்டில், மற்ற ஐந்து பேரும் ‘அவனுக்கு வேண்டியதுதான்’ என்ற தோரணையில் நிற்பார்கள். இவள் மட்டும் ஹங்கேரிய மொழியில், ‘நான் நிரபராதி, போலீசிடம் சொல்லிப் பார்த்தேன், அவர்களுக்குப் புரியவில்லை’ என்பாள். ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்தது ‘குற்றவாளி இல்லை’ என்பது மட்டும். அப்புறம், பேசத் தெரிந்தவர்கள் தப்பிக்க, இவளைத் தூக்கிலிடுகிறார்கள். அந்தச் சாவை ஒரு வித்தைக் காட்சி மாதிரி அறிவிப்பார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அங்கே திடுக்கிடாவிட்டால் நாடகம் வெறும் ஆட்டம் பாட்டமாக நின்றுவிடும். அவ்வளவு பொறுப்பு உங்கள் மகள் கையில் இருக்கிறது.

ஓரங்கட்டினார்களா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம் அவளுக்கே இருந்தால், என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இயக்குநரிடம் நேராகவே கேட்கட்டும். கேட்பதில் தப்பே இல்லை.

வசனத்தை ஒலியாக மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும்; அந்த மொழி பேசுகிறவர் யாராவது வளாகத்தில் இருந்தால் ஒருமுறை கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

இந்த நாடகத்தைப் படம் பிடிக்க உரிமைதாரர்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. அதனால் வீடியோ வரும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கூப்பிட்டு, அந்த வசனத்தை உங்களுக்குப் பேசிக் காட்டச் சொல்லுங்கள்.