பழைய கேம் சிடி, புது லேப்டாப்: ரசிகர்கள் செய்த பதிப்புகளை நம்பலாமா?

கேள்வி: கல்லூரிக் காலத்தில் வாங்கிய டூம் 2, ஜிடிஏ வைஸ் சிட்டி சிடிக்களைத் தேடி எடுத்து விண்டோஸ் 11 லேப்டாப்பில் போட்டேன். டூம் இன்ஸ்டாலே ஆகவில்லை. வைஸ் சிட்டி இன்ஸ்டால் ஆனது, ஆனால் திறந்தால் வீடியோ மெமரி போதவில்லை என்கிறது. லேப்டாப்பில் இருப்பதோ 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு! இவற்றை ரசிகர்களே சரிசெய்து வெளியிட்ட பதிப்புகள் உண்டு என்கிறார் நண்பர். வைரஸ் வருமா, சட்டப்படி சரியா, எதைப் போடுவது? என் பையன் போனிலும் ஆட வேண்டும் என்கிறான்.
- ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: டூமில் தொடங்குவோம், அது சுலபம். அந்த சிடியின் இன்ஸ்டாலர் டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்து 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. சிடியில் கோளாறு எதுவும் இல்லை. இன்ஸ்டாலரை விட்டுவிட்டு சிடிக்குள் டூம்2 என்ற பெயரில், டபிள்யூ-ஏ-டி (வாட்) என்று முடியும் ஒரு கோப்பைத் தேடுங்கள். சுமார் 14 எம்பி இருக்கும். தனியாகக் கண்ணில் படவில்லை என்றால் இன்ஸ்டாலருக்குள் சுருக்கி வைத்திருப்பார்கள். டாஸ்பாக்ஸ் என்ற இலவச நிரலுக்குள் அந்த இன்ஸ்டாலரை ஓட்டினால் கோப்பு வெளியே வந்துவிடும்.

டூம் 2-இன் வரைபடங்கள், அரக்கர்கள், சத்தம், இசை எல்லாம் அந்த ஒரே கோப்பில்தான். அதை வாசித்துத் திரையில் ஓட்டும் இன்ஜின் வேறு. கேசட்டும் டேப் ரெக்கார்டரும் மாதிரி. உங்கள் கேசட் நன்றாகவே இருக்கிறது, பழைய ரெக்கார்டர்தான் இன்றைய வீட்டில் ஓட மறுக்கிறது. ரசிகர்கள் செய்து தருவது புது ரெக்கார்டர்.

இதற்கு வழி திறந்தவர் டூமின் இன்ஜினை எழுதிய ஜான் கார்மாக். முதல் டூம் வந்தது 1993 டிசம்பரில். 1997 டிசம்பரில் அதன் சோர்ஸ் கோடை, அதாவது நிரலை உருவாக்க எழுதிய மூல வரிகளை, அவர் பொதுவில் வைத்தார். டாஸ் பதிப்பில் இருந்த ஒலி நிரல் வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் லினக்ஸ் பதிப்பின் கோடுதான் வெளிவந்தது. 1999-இல் அதையே ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி வெளியிடலாம், திருத்திய கோடையும் திறந்து வைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இன்றைய டூம் போர்ட்கள், அதாவது புதுக் கருவிகளில் ஓடும்படி மாற்றி எழுதிய பதிப்புகள், ஏறக்குறைய எல்லாமே அந்தக் கோடின் வாரிசுகள். இவற்றில் சட்டச் சிக்கல் துளியும் இல்லை.

எது உங்களுக்குச் சரி? சாக்லேட் டூம் அன்றைய அனுபவத்தை அப்படியே தரும். 320-க்கு 200 படம், நொடிக்கு 35 அசைவு, அன்றைய பிழைகள்கூட அப்படியே. ஜிஇசட்டூம் அதற்கு நேர் எதிர் முனை: உயர் தெளிவு, ஒளி விளைவுகள், மவுஸால் மேலும் கீழும் பார்க்கும் வசதி, பெரிய மாட்களை (ரசிகர்கள் கேமில் சேர்க்கும் மாற்றங்களை) ஓட்டும் திறன். பலரும் நேராக இதைத்தான் போடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டூம் 2-இன் அறைகளும் எதிரிகள் நிற்கும் உயரங்களும் மேலே கீழே குறிவைக்க முடியாத ஆட்டக்காரரை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் ஆட்டத்தின் பதற்றம் பாதி போய்விடும். நடுவில் கிரிஸ்பி டூம் என்று ஒன்று இருக்கிறது. சாக்லேட் டூமிலிருந்து கிளைத்தது, படம் இரண்டு மடங்கு தெளிவு, அசைவு வழுக்கிக்கொண்டு போகும், ஆட்டத்தின் குணம் மாறாது. அதைப் போடுங்கள். பதிவிறக்கி ஒரு ஃபோல்டரில் விரித்து, அந்த வாட் கோப்பை அதே ஃபோல்டரில் வைத்துத் திறந்தால் போதும்.

கம்ப்யூட்டர் சென்டரில் டேவ் என்ற கேம் ஆடி வளர்ந்த தலைமுறை என்றால் ஒரு கூடுதல் தகவல். அந்த டேவை உருவாக்கிய ஜான் ரோமெரோதான் கார்மாக்குடன் சேர்ந்து டூமையும் செய்தவர். 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், டூம் 2-க்கென்றே ஒரு புதிய லெவல் செய்து 5 யூரோவுக்கு விற்று அந்தப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தார். 1994-இல் வந்த கேமுக்கு 28 ஆண்டு கழித்து! உங்கள் வாட் கோப்பு இருந்தால் அந்த லெவலும் ஓடும்.

இனி வைஸ் சிட்டி. இங்கே நிலைமை வேறு. ராக்ஸ்டார் இந்த கேமின் சோர்ஸ் கோடை யாருக்கும் தரவில்லை. அதனால் ரசிகர்கள் இரண்டு வழியில் போனார்கள். ஒன்று, கேமை இயக்கும் எக்ஸ்இ கோப்பைத் தொடாமல், அது ஓடும்போது பக்கத்தில் நின்று தவறுகளைத் திருத்தும் பேட்ச். மற்றொன்று, எக்ஸ்இ-யைப் பிரித்து ஆராய்ந்து, அதே மாதிரி நடக்கும் கோடை முழுவதும் புதிதாக எழுதுவது.

இரண்டாவது வழியில் வந்தது ஆர்இ3 என்ற திட்டம். ஜிடிஏ 3, வைஸ் சிட்டி இரண்டையும் அப்படி எழுதி முடித்தார்கள். லினக்ஸிலும், நின்டெண்டோ ஸ்விட்ச், பிஎஸ் வீட்டா போன்ற கேம் கருவிகளிலும்கூட ஓடியது. ஆட வேண்டுமானால் உங்களிடம் அசல் கேமின் கோப்புகள் இருக்க வேண்டும். வேலை என்னவோ அபாரம்தான். ஆனால் 2021 பிப்ரவரியில் ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ அதை, நிரல்களின் கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து எடுக்க வைத்தது. ரசிகர்கள் மறுத்து அனுப்பிய எதிர்நோட்டீஸால் அது திரும்பி வந்தபோது, அதே ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வழக்கு போட்டது. நவம்பரில் டேக்-டூவின் சொந்த மறுபதிப்பு கடைக்கு வந்தது. ரசிகர்களின் திட்டம் மறுபடி மறைந்தது. இன்று அந்தப் பெயரில் அங்கங்கே கிடைக்கும் நகல்களை யார் தொகுத்தார்கள், நடுவில் என்ன சேர்த்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. மனமில்லாமல்தான் சொல்கிறேன், அதைத் தேடிப் போகாதீர்கள்.

உங்கள் பிரச்சினைக்கு அது தேவையும் இல்லை, முதல் வழியே போதும். 2003-இல் கணினிக்கு வந்த கேம் இது. அன்று கிராஃபிக்ஸ் நினைவகத்தை எம்பியில்தான் எண்ணினார்கள். கார்டில் எவ்வளவு இருக்கிறது என்று கேம் கேட்கிறது, வரும் விடை அதன் கணக்குக்குள் அடங்காத அளவு பெரிது, அதனால் போதவில்லை என்று முடிவுகட்டுகிறது. அதிகமாக இருப்பதுதான் கோளாறு. சைலன்ட்பேட்ச் என்ற இலவச ரசிகர் பேட்ச் இதைச் சரிசெய்யும். கூடவே இன்னும் பல சின்னப் பிழைகளையும் திருத்தும்.

செய்முறை இது. கேமை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள், அங்கே விண்டோஸ் எழுத விடாது. சி டிரைவிலோ டி டிரைவிலோ கேம்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே இன்ஸ்டால் செய்யுங்கள். அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு நகல் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். பிறகு சைலன்ட்பேட்சின் ஜிப்பை எக்ஸ்இ இருக்கும் அதே இடத்தில் விரியுங்கள். கேம் திறக்க வேண்டும். அகலத் திரையில் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். அதற்கு தர்ட்டீன்ஏஜி என்ற பெயரில் இயங்குபவரின் வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் இருக்கிறது, அதையும் அதே மாதிரி போடுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் எது இடிக்கிறது என்று தெரியாது. செட்டிங்ஸை மாற்றியதும் கேம் திறக்க மறுத்தால், டாக்குமென்ட்ஸில் வைஸ் சிட்டியின் யூசர் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எஸ்இடி என்று முடியும் கோப்பை அழியுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும். சேவ் கோப்புகளும் அங்கேதான் இருக்கும், அவற்றைத் தொட வேண்டாம். அப்புறம், மெனுவில் ஃபிரேம் லிமிட்டர் என்று இருப்பதை எடுத்துவிடாதீர்கள். வேகமான லேப்டாப்பில் அது இல்லாமல் ஓட்டினால் வண்டிகள் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். அந்தக் கால அசல் வைஸ் சிட்டி சிடியில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. பாதுகாப்பு ஓட்டை காரணமாக அதற்கான டிரைவரை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-இலேயே நீக்கிவிட்டது. பூட்டோடு இருந்திருந்தால் உங்கள் கேம் மெமரி பற்றிப் புகார் சொல்லும் இடம் வரைக்கும்கூட வந்திருக்காது. ஆக, உங்களிடம் இருப்பது பூட்டில்லாத பிற்காலப் பதிப்பாக இருக்கலாம், அல்லது யாரோ பூட்டை உடைத்து எழுதிய சிடியாக இருக்கலாம். பர்மா பஜாரில் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் வாங்கியது என்றால் இரண்டாவதுதான். பயமுறுத்தச் சொல்லவில்லை, இரண்டு காரணம் இருக்கிறது. அப்படிப்பட்ட சிடிக்கள் பலவற்றில் இடம் மிச்சப்படுத்த ரேடியோவை வெட்டியிருப்பார்கள், எந்த பேட்சும் அதைத் திருப்பித் தராது. ரேடியோ இல்லாத வைஸ் சிட்டி எனக்கு வைஸ் சிட்டியே இல்லை. மாறாக உங்களுடையது அசல் என்றால் பத்திரமாக வையுங்கள். இசை உரிமம் முடிந்ததால் பிற்கால டிஜிட்டல் பதிப்புகளில் சில பாட்டுகளை நீக்கிவிட்டார்கள், சிடியில் எல்லாம் இருக்கும்.

இரண்டாவது காரணம் சட்டம். நமது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஒரு கணினி நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர் அதை உரிய நோக்கத்துக்குப் பயன்படுத்த நகலெடுப்பதையும் தகவமைப்பதையும், பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்து வைப்பதையும் அனுமதிக்கிறது. முறையாக என்ற சொல்தான் முக்கியம். முறையாக வாங்கிய அசல் பிரதியில் உங்கள் வீட்டில் ஒரு பேட்ச் போடுவதற்காக யாரும் உங்கள் கதவைத் தட்டப் போவதில்லை. திருட்டு சிடிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. டேக்-டூ பிடித்தது கோடை வெளியிட்டவர்களைத்தான், ஆடியவர்களை அல்ல.

வைரஸ் விஷயத்தில் நான் பார்க்கும் அடையாளம் ஒன்று உண்டு. பிறருக்குச் சொந்தமான கேமுக்குச் செய்யும் ஒழுங்கான போர்ட் பெரும்பாலும் அசல் கேமின் கோப்பை உங்களிடமே கேட்கும். முழு கேமும் ஒரே கிளிக்கில், சிடி எதுவும் வேண்டாம் என்று வருவதை ஒதுக்குங்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப், ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் குறிப்பு இரண்டில் ஒன்றைப் பார்த்தாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள். அதே சமயம், சைலன்ட்பேட்ச் போன்றவை இன்னொரு நிரலுக்குள் நுழைந்து திருத்துவதால் சில ஆன்டிவைரஸ்கள் நல்லவற்றையும் சந்தேகிக்கும். செய்தவரின் சொந்தப் பக்கத்திலிருந்தோ அவரது கிட்ஹப்பிலிருந்தோ எடுத்து, ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அறுபது எழுபது சோதனைகளில் பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் கத்தினால் பொதுவாகப் பயமில்லை. பெரிய பெயர்கள் பல சேர்ந்து ஒரே மாதிரி சொன்னால் அழித்துவிடுங்கள்.

புதுக் கார், புது ஆடை மாதிரியான மாட்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வைஸ் சிட்டி மாட்களில் பெரும்பாலானவை எக்ஸ்இ-யின் 1.0 பதிப்புக்கு எழுதப்பட்டவை, மற்றதில் கேம் பாதியில் மூடிக்கொள்ளும். ஆடிக்கொண்டிருக்கும் சேவ் கோப்பின் நடுவில் பெரிய மாட் எதையும் நுழைக்காதீர்கள்.

போன் விஷயம். டூமுக்கு ஆண்ட்ராய்டில் டெல்டா டச் என்ற செயலி இருக்கிறது, சிறு விலைதான். உங்கள் வாட் கோப்பைப் போனுக்கு மாற்றிவிட்டால் ஆடலாம். வைஸ் சிட்டியை 2012 டிசம்பரில் ராக்ஸ்டாரே போனுக்குக் கொண்டுவந்தது, பிளே ஸ்டோரில் அதைத் தேடுங்கள். டெலிகிராமில் சுற்றும் ஏபிகே (ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலிக் கோப்பு) வேண்டவே வேண்டாம். பையனின் வயதை நீங்கள் எழுதவில்லை. இரண்டு கேமுமே அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு என்று தரம் பிரிக்கப்பட்டவை. வைஸ் சிட்டி நிஜமாகவே பெரியவர்களுக்கானது. சின்னப் பையன் என்றால் ஓப்பன்டிடிடி போட்டுக்கொடுங்கள். 1990-களின் டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸை ரசிகர்கள் திருப்பி எழுதியது, ரயிலும் பஸ்ஸும் விட்டு கம்பெனி நடத்த வேண்டும். படங்களையும் ஒலிகளையும் அவர்களே புதிதாகச் செய்துவிட்டதால் 2010-இலிருந்து அசல் சிடியும் தேவையில்லை. இலவசம், ஆண்ட்ராய்டிலும் ஓடும், உங்கள் லேப்டாப்போடு சேர்த்து இருவரும் ஒரே வரைபடத்தில் ஆடவும் முடியும். இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு எண்ணாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.