பகல் பாட்டும் இரவுப் பாட்டும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் 'ஒன்ஸ்' படம் பார்த்தேன். அதில் தெருப்பாடகராக நடித்த கிளென் ஹான்சார்ட் நிஜத்திலும் தெருவில் பாடியவர்தானாம். ஒரே பாட்டு, ஆஸ்கர் விருது. இதை அதிர்ஷ்டம் என்றுதானே சொல்லவேண்டும்? அதன்பிறகு அப்படியொரு பாட்டை அவர் தரவில்லையே. மேலும் கேட்பதென்றால் எங்கிருந்து தொடங்கலாம்?

மு., தஞ்சாவூர்

அன்புள்ள மு.,

அதிர்ஷ்டமே இல்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. அந்த வேடம் முதலில் கிலியன் மர்ஃபிக்குப் போனது. அவர் விலகியதால்தான் பாட்டு எழுத வந்தவருக்கு வேடமும் கிடைத்தது. இயக்குநர் ஜான் கார்னி வேற்றாளும் அல்ல. ஹான்சார்டின் 'தி ஃப்ரேம்ஸ்' குழுவில் முன்பு பேஸ் கிதார் வாசித்தவர். 17 நாட்களில் எடுத்த படம். தெருக்காட்சிகளைத் தொலைவிலிருந்து எடுத்ததால், போவோர் வருவோரில் பலருக்கு அது படப்பிடிப்பு என்றே தெரியவில்லை.

ஆனால் 2008இல் அவர் ஆஸ்கர் மேடை ஏறியபோது வயது 37. பள்ளியை விட்டுவிட்டு டப்ளின் கிராஃப்டன் தெருவில் கிதாரோடு நின்றது 13 வயதில். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

படத்தின் தொடக்கத்தில் அந்தப் பாடகன் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். பகலில் மக்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார்கள். சொந்தப் பாட்டை இரவில்தான் பாடமுடியும், இல்லாவிட்டால் காசு விழாது. ஹான்சார்டின் இசை முழுவதும் இந்த இரண்டு வேளைகளுக்கு நடுவே உருவானது என்றே எனக்குத் தோன்றுகிறது. முணுமுணுப்பாகத் தொடங்குவார், ஆளில்லாத தெருவில் தனக்குத்தானே பாடுபவர்போல. பிறகு திடீரென்று தொண்டை கிழியக் கத்துவார். நடந்துபோகிறவனை நிறுத்தவேண்டுமே!

அவருடைய கிதாரைப் புகைப்படத்தில் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். டகமினே நிறுவனத்தின் பழைய கிதார். ஒலித்துளைக்குக் கீழே இன்னொரு ஓட்டை இருக்கும். யாரும் வெட்டியதல்ல; ஆண்டுக்கணக்கில் அடித்து அடித்துப் பலகை தேய்ந்து விழுந்தது. ஓரங்களில் வார்னிஷ் போய் வெறும் மரம் தெரியும்.

இந்த அடிதான் அவருடைய பலவீனமும். ஒலிப்பதிவுக்கூடத்து இசைத்தொகுப்புகள் சிலவற்றில் அந்தக் கத்தல், காதருகே வந்து நின்று கத்துவதுபோல இருக்கிறது. ஃப்ரேம்ஸ் குழுவைக் கேட்பதென்றால் 2003இல் வந்த 'செட் லிஸ்ட்' என்ற மேடைப்பதிவைக் கேளுங்கள். அங்கே கூட்டம் இருக்கிறது; குரலுக்குப் போய்ச்சேர ஓர் இடம் இருக்கிறது.

ஆஸ்கர் வாங்கிய அந்த 'ஃபாலிங் ஸ்லோலி' பாட்டு நிற்பதற்குக் காரணம் வேறு. அது, படத்தில் அவரோடு நடித்த மார்கெட்டா இர்க்லோவாவும் சேர்ந்து எழுதிய பாட்டு. உங்கள் கடிதத்தில் அவர் பெயரே இல்லை. இசைக்கருவிக் கடையில் அவன் அவளுக்கு ஸ்வரக்கட்டுகளைச் சொல்லிக்கொடுக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். அவள் குரல் பக்கத்தில் வந்ததும் அவன் அடங்கிவிடுகிறான். கத்தவேண்டிய இடத்தில் குரல் மெலிந்து மேலே போகிறது. ஆஸ்கர் மேடையிலும் இர்க்லோவாவைத்தான் பேசவிடாமல் இசையை வாசித்துவிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட் திரும்ப அழைத்துவந்து பேசவைத்தார்.

அப்படியொரு பாட்டு பிறகு வரவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 2015இல் வந்த 'டிடன்ட் ஹி ராம்பிள்' தொகுப்பைக் கேளுங்கள், அதுவும் 'ஹெர் மெர்சி'யிலிருந்து. மெல்ல மெல்ல ஏறும் பாட்டு, ஆனால் ஏற்றத்தில் அவசரமில்லை. அதே தொகுப்பில் 'வின்னிங் ஸ்ட்ரீக்' என்று ஒன்று. நல்ல காலம் தொடரட்டும் என்று இன்னொருவரை வாழ்த்தும் பாட்டு. அதிர்ஷ்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கிராஃப்டன் தெருவை அவர் விட்டுவிடவும் இல்லை. வீடற்றவர்களுக்கு நிதி திரட்ட, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அங்கே நண்பர்களோடு நின்று பல ஆண்டுகள் பாடியிருக்கிறார். 2016 டிசம்பரில் டப்ளினில் பூட்டிக்கிடந்த அப்பல்லோ ஹவுஸ் கட்டடத்தை வீடற்றவர்களுக்காகத் திறந்து உள்ளே புகுந்தவர்களிலும் அவர் ஒருவர்.