கரு வைத்த பிறகு வரும் அழுகை, பயம்: பதில்

சகோதரி, ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப்) சிகிச்சையில் கருப்பைக்குள் கரு வைத்து நாலு நாள்தான் ஆகிறது, அழுதால் அது தங்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, தினமும் கர்ப்ப டெஸ்ட் கிட் போட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அழுகையால் கரு கலையாது. 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 ஆய்வுகளின் 3,583 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முந்தைய மன உளைச்சலுக்கும் கரு தங்குவதற்கும் தொடர்பு தெரியவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள்.

கிட்டைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். ஹெச்சிஜி (கிட் கண்டுபிடிக்கும் கர்ப்ப ஹார்மோன்) ஊசி போட்டிருந்தால் அது பத்து நாளுக்கு மேலும் உடம்பில் தங்கிப் பொய்யாக இரண்டு கோடு காட்டலாம். இவ்வளவு சீக்கிரம் வரும் ஒற்றைக் கோட்டுக்கும் அர்த்தமில்லை. மார்பு வலி, வயிறு உப்பல், அசதி, திடீர் அழுகை எல்லாம் கரு தங்குவதற்காகக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்தாலேயே வரும். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். லேசாக ரத்தம் பட்டாலும் மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது, உடனே டாக்டரைக் கேளுங்கள்.

மாமியார் தினமும் போனில் விசாரிப்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். "ரத்த டெஸ்ட் முடிஞ்சதும் நானே சொல்றேன்மா" என்று உங்கள் கணவர் பேசட்டும். தூக்கமும் சாப்பாடும் அடியோடு போய்விட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.