பாசி மேல் தவளை லூர்: மீன் அடிக்கிறது, முள் ஏறவில்லை

லூரை (தவளை வடிவப் போலி இரையை) மாற்ற வேண்டாம், இழுக்கும் நேரத்தை மாற்றுங்கள். பெரிய பாஸ் மீன் ஐந்து முறை அடித்தால் ஒன்றுதான் மாட்டுகிறது என்கிறீர்கள். தண்ணீர் சிதறிய நொடியிலேயே ராடை (தூண்டில் கோலை) தூக்கினால், மீன் வாய்க்குள் வாங்கும் முன்பே தவளை பறந்துவிடும். தவளை கண்ணில் மறைந்து, நூலில் கனம் தெரியட்டும். தொய்வைச் சுற்றி எடுத்து, பிறகு ஓங்கி இழுங்கள்.

அப்படியும் தவறினால் என் சந்தேகம் நூல் மேல்தான். தங்கூசி (நைலான் நூல்) நீளும், இழுத்த வேகம் முள்முனைக்குப் போய்ச் சேராது. 50 அல்லது 65 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்), 7 அடிக்குக் குறையாத ஹெவி (எளிதில் வளையாத) ராடு போடுங்கள். பிரெய்டு பாசித்தண்டை அறுத்துக்கொண்டும் வரும்.

ஒரு சோதனை: தவளையின் உடலைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். இரண்டு முள்முனையும் உடனே வெளியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குறடால் ஒவ்வொன்றையும் 2 மி.மீ. அளவு வெளிப்பக்கம் வளையுங்கள். அதற்கு மேல் வளைத்தால் ஒவ்வொரு வீச்சிலும் பாசிதான் வரும். உள்ளே புகுந்த தண்ணீரையும் அவ்வப்போது பிழிந்துவிடுங்கள்.

அடித்துத் தவறிய மீன் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். பாசியில் விழுந்த ஓட்டைக்குள் உடனே 5 அங்குல மென்புழுவை (மென்மையான பிளாஸ்டிக் புழுவை), முள்முனையை அதன் உடலுக்குள் மறைத்து, ஈயம் இல்லாமல் இறக்குங்கள். இதற்காக இரண்டாவது ராடு தயாராக இருக்கட்டும்.

ஆனால் ஓட்டை மூடிவிடும் அளவுக்குப் படலம் தடிமன் என்றால் இது இறங்காது; 28 கிராம் டங்ஸ்டன் எடை தேவைப்படும்.